நிழலும் நிலமும்: கணனிப் படிமங்களின் வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

மகாபாரதத்து நளன் கதையில், ஒரே உருக்கொண்டு நின்ற ஐவருள் மானிடனைத் தமயந்தி இனங்கண்டமைக்கு அவனது நிழலும் ஒரு காரணமாயிற்று. தேவர்க்கு நிழலில்லை, அவர்தம் பாதம் நிலந்தோய்வதுமில்லை. இவ்விரு குறிகளும் ஒருங்கே கூறப்பட்டமை மனங்கொளத்தக்கது. நிழலை ஒளி, பொருள், நிலம் ஆகிய மூன்றிற்குமிடையேயான உறவென்றே நாம் கொள்ளுகின்றோம். கணனியில் ஆக்கிய உருவத்தைப் புகைப்படத்துள் இணைக்க முற்பட்டோரின் இடர்ப்பாடும் இதுவே. நிழலற்ற உருவம், எத்துணை நுட்பமாக ஆக்கப்பட்டிருப்பினும், நிலத்தில் நில்லாது மிதக்கும்.

இப்பிரச்சினை கணனிக்கு மிக முற்பட்டது. 1420களில் புளோரன்ஸ் நகரத்துப் பிரங்காச்சி சிற்றாலயச் சுவர்களில் ஓவியந்தீட்டிய மசாச்சியோ, அங்கிருந்த மெய்யான சாளரத்தின் திசையை அனுசரித்தே தம் மாந்தரின் நிழல்களை விழச் செய்தார். பேதுருவின் நிழல் பட்டுப் பிணியாளர் குணமடையுங் காட்சியும் அவற்றுள் ஒன்று. புரவலர் ஒரு பட்டு வணிகர் என்பதையும் நாம் மறத்தலாகாது. உலகை அளந்தறிதல் அவ்வர்க்கத்தின் தேவையாகவுமிருந்தது.

கணனியில், 1978இல் லான்ஸ் வில்லியம்ஸ் முன்வைத்த முறை எளிமையானது. முதலில் ஒளிமூலத்தின் இடத்திலிருந்து காட்சியை நோக்கி, ஒளி முதலிற் படும் பரப்புகளின் தூரத்தைக் குறித்துக்கொள்ளல். பின்னர், பார்வையாளருக்குத் தெரியும் புள்ளி அத்தூரத்துக்கு அப்பால் இருப்பின் அதனை நிழலெனக் கொள்ளல். ஆயின் மெய்யான தரையில் நிழல் விழுத்துவதற்கு, அத்தரையில் விழுந்த மெய்யான ஒளியையும் அறிதல் வேண்டும். 1998இல் போல் டெபெவெக் ஆடிபோல் மினுங்கும் கோளமொன்றை அவ்விடத்திலேயே வைத்து, ஒளியேற்பு நேரத்தை மாற்றி மாற்றிப் படமெடுத்து, சூழவுள்ள ஒளியைக் கணித்தார். அதன்பின் அயலிலுள்ள தரையை உருவத்துடன் ஒருமுறையும் உருவமின்றி ஒருமுறையும் கணனியில் ஆக்கி, இரண்டிற்குமிடையிலான வேறுபாட்டை மாத்திரம் மூலப்படத்திற் சேர்த்தார். ஒரு பொருளின் வருகையால் நிலம் அடைந்த மாற்றமே நிழல்! பொருள்முதல்வாதிகள் இதனினுஞ் சிறந்த வரைவிலக்கணத்தை வேண்டார்.

இத்தகைய நிழலின் வெற்றி, அது எவர் கண்ணிலும் உறுத்தாதிருப்பதிலேயே தங்கியுள்ளது. அதனை ஆக்கியோரின் உழைப்பும் அவ்வாறே மறைகின்றது. 'லைஃப் ஒஃப் பை' (2012) திரைப்படத்திற் கணனிப் புலியைப் படகில் நிலைகொள்ளச் செய்த றிதம் அன்ட் ஹியூஸ் நிறுவனம் 2013 பெப்ரவரியில் வங்குரோத்து மனுத் தாக்கல் செய்தது. பதினொரு நாட்களின் பின் அப்படத்தின் காட்சி விளைவுகள் ஒஸ்கார் விருது பெற்றன. அன்று அரங்கின் வெளியே இத்துறைத் தொழிலாளர் நூற்றுக்கணக்கில் ஆர்ப்பாட்டஞ் செய்தனர். உள்ளே, விருதேற்றவர் நிறுவனத்தின் நிலைபற்றிக் கூறத் தொடங்கியபோது இசை எழுப்பப்பட்டு, ஒலிவாங்கி துண்டிக்கப்பட்டது.