சர்க்கரையா, கொழுப்பா? ஓர் அறிவியல் விவாதத்தின் வரலாறு

இதய நோய்க்கு முதன்மைக் காரணம் உணவிலுள்ள கொழுப்பா, சர்க்கரையா என்ற விவாதம் 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் நடந்தது. கல்லீரலையும் இரத்தக் கொழுப்பையும் பற்றிய இன்றைய புரிதலுக்கு இது ஒரு முக்கியப் பின்னணி ஆகும்.

பின்னணி

1913-இல் உருசிய அறிவியலாளர் நிக்கோலாய் அனிச்கோவ், கொலஸ்ட்ரால் ஊட்டப்பட்ட முயல்களின் தமனிகளில் கொழுப்புப் படிவதைக் காட்டினார். 1955 செப்டம்பரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. இதய நோய் நாடெங்கும் பேசுபொருளானது.

இரு கருத்துகள்

மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன்செல் கீஸ், நிறைவுற்ற கொழுப்பு இரத்தக் கொலஸ்ட்ராலை உயர்த்தி இதய நோயை உண்டாக்குகிறது என்றார். அவர் 1958-இல் தொடங்கிய 'ஏழு நாடுகள் ஆய்வு' இக்கருத்துக்கு வலுச் சேர்த்தது. இலண்டன் பேராசிரியர் ஜான் யுட்கின் சர்க்கரையையே குற்றம் சாட்டினார். 1972-இல் இதுபற்றி நூலும் எழுதினார். கீஸ் அவரது சான்றுகளைக் கடுமையாக மறுத்தார். யுட்கினின் கருத்து நெடுங்காலம் ஒதுக்கப்பட்டது.

மறைக்கப்பட்ட நிதி

1967-இல் ஆர்வர்டு ஆய்வாளர்கள் எழுதிய மதிப்பாய்வு ஒன்று புகழ்பெற்ற அமெரிக்க மருத்துவ இதழில் வெளியானது. அது சர்க்கரைக்கு எதிரான சான்றுகளைக் குறைத்து மதிப்பிட்டது. அதற்காகச் சர்க்கரைத் தொழில்துறையின் ஆய்வு அறக்கட்டளை 6,500 டாலர் வழங்கியிருந்தது. இந்த உண்மை 2016-இல் பழைய ஆவணங்கள் வழியே வெளிவந்தது. நிதி அளித்தவர் யார் என்பதை வெளியிடும் கட்டாயம் 1967-இல் அவ்விதழில் இல்லை. எனினும், இதனால் நிறைவுற்ற கொழுப்புப் பற்றிய கண்டுபிடிப்பு பொய்யாகிவிடவில்லை.

கல்லீரலில் நடப்பது

சர்க்கரையில் குளுக்கோஸ் பாதி, பிரக்டோஸ் பாதி. பிரக்டோஸின் பெரும்பகுதியைக் கல்லீரலே கையாள்கிறது. அளவு மிகுந்தால் அதைக் கொழுப்பாக மாற்றுகிறது. ஒரு பகுதி கல்லீரலிலேயே தங்குகிறது. மற்றது இரத்தத்தில் கலந்து டிரைகிளிசரைடு அளவை உயர்த்துகிறது. நிறைவுற்ற கொழுப்போ, கெட்ட கொலஸ்ட்ராலை இரத்தத்திலிருந்து அகற்றும் கல்லீரலின் திறனைக் குறைக்கிறது. மது அருந்தாதவருக்கும் கொழுப்பினால் கல்லீரல் அழற்சி வருவதை 1980-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை ஆய்வாளர்கள் விவரித்துப் பெயரிட்டனர்.

இன்றைய நிலை

உணவில் சேர்க்கும் சர்க்கரை, தேன், பழச்சாறு ஆகியவற்றிலுள்ள இனிப்பு, நாளின் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2015-இல் பரிந்துரைத்தது. 2,000 கலோரி உண்பவருக்கு இது சுமார் 50 கிராம், அதாவது ஏறத்தாழ 12 தேக்கரண்டி. நிறைவுற்ற கொழுப்புக்கும் அதே 10 விழுக்காடே வரம்பு. கீஸ், யுட்கின் இருவரின் எச்சரிக்கைக்கும் இன்று இடமுண்டு.