இராணிக்குச் சத்தியம் செய்யாத அப்புக்காத்து

யாழ்ப்பாணத்தில் அப்புக்காத்து என்றால் அது ஒரு உயரம். கறுப்புக் கோட்டு, ஆங்கிலம், கொழும்பில் ஒரு வீடு, பிறகு ஒரு தேர்தல் தொகுதி. எமது அரசியலே அவர்களுடைய கைகளில்தான் வளர்ந்தது. ஜீ.ஜீ. பொன்னம்பலத்துக்கும் செல்வநாயகத்துக்கும் பெயருக்குப் பின்னால் கியூ.சி. என்ற இரண்டு எழுத்துகள் இருந்தன. இராணியின் வழக்கறிஞர் என்பது அதன் பொருள். 1976 இல் குடியரசு தினத்தைப் பகிஷ்கரிக்கச் சொல்லித் துண்டுப்பிரசுரம் கொடுத்ததற்காக அமிர்தலிங்கம் முதலானோர் ட்ரயல் அட் பார் விசாரணைக்கு நிறுத்தப்பட்டபோது, அறுபதுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சட்டத்தரணிகள் அணிவகுத்து நின்றதை எங்கள் தகப்பன்மார் திருவிழாவைச் சொல்வதுபோலச் சொல்லுவார்கள். உரிமைக்கான வழக்கு என்றால் எமக்கு அதுதான் படம்: பெரிய மனிதர்கள், பெரிய மண்டபம், பெரிய ஆங்கிலம்.

ரொறன்ரோவில் நாங்கள் கண்ட 'லோயர்' வேறு சாதி. கடைக்கு மேலே இரண்டு அறை, நிலமெல்லாம் கோப்பு, சுவர் ஓரத்தில் நாலு பிளாஸ்டிக் கதிரை. அதில் எங்களோடு சோமாலியரும் சிலி நாட்டவரும் ஜமேக்காத் தாய்மாரும் இருப்பார்கள். காசுக்குப் பதிலாக லீகல் எயிட் சேர்ட்டிபிக்கற் கொண்டுபோனோம். இன்ன வழக்குக்கு இத்தனை மணித்தியாலம், மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று அதில் கணக்கு இருக்கும். அந்த மணித்தியாலத்துக்குள் ஒரு மனிதனின் சிறைவாசத்தையும் ஓட்டத்தையும் சத்தியக்கடதாசியாக்க முடியாது. மிச்சத்தை லோயர் தன் நித்திரையிலிருந்துதான் எடுக்கவேண்டும். எடுத்தவர்களும் உண்டு, எடுக்காமல் ஒரே கதையை முப்பது பேருக்கு எழுதிக் கொடுத்தவர்களும் உண்டு. பின்னையவர்களைப்பற்றி எழுதத் தனிக் கட்டுரை வேண்டும். முன்னையவர்களில் ஒருவருடைய வரலாறு எங்கள் ஆட்களுக்கு அதிகம் தெரியாது. அவர் எங்கள் ஆள் அல்ல என்பதே காரணமாக இருக்கலாம்.

சார்ள்ஸ் றோச் 1933 இல் திரினிடாட்டில் பிறந்தவர். பாதிரியாராகும் எண்ணத்தோடு 1955 இல் கனடாவுக்கு வந்து சஸ்கச்சுவான் பல்கலைக்கழகத்தில் படித்தார். அந்த எண்ணம் நிலைக்கவில்லை. ரொறன்ரோவில் சட்டம் படித்து 1963 இல் வழக்கறிஞரானார். கொஞ்சக்காலம் நகரசபையின் சட்டப்பிரிவில் வேலை செய்தார். 1968 இல் அதை விட்டு வெளியே வந்து சொந்தமாக அலுவலகம் திறந்தார். பின்னாளில் அது சென்ற் கிளேயர் மேற்கு வீதியில் இயங்கியது. குடிவரவு, குற்றவியல், மனித உரிமை, இவைதான் அங்கு நடந்த தொழில். காணி உறுதி எழுதிப் பணக்காரராகியிருக்கலாம். எங்கள் ஆட்களில் பலர் அப்படித்தான் ஆனார்கள். 1967 இல் தொடங்கிய கரிபானா ஊர்வலத்தின் நிறுவனர்களில் ஒருவரும் இவரே. ஓவியரும்கூட. கோட்டைக் கழற்றிவிட்டுத் தெருவில் ஆடக்கூடிய அப்புக்காத்தை நாங்கள் ஊரில் கண்டதில்லை.

அந்தக் காலத்து ரொறன்ரோவைப் புரிந்துகொள்ள வேண்டும். 1979 ஓகஸ்டில் அல்பேர்ட் ஜோன்சன் என்ற ஜமேக்கர் தன் வீட்டுக்குள்ளேயே பொலிசாரால் சுடப்பட்டு இறந்தார். வழக்குத் தாக்கலான இரு பொலிசாரும் விடுதலையானார்கள். 1988 ஓகஸ்டில் லெஸ்ரர் டொனால்ட்சன், அவரும் தன் அறைக்குள். அதே ஆண்டு டிசம்பரில் பக்கத்து மிசிசாகாவில் பதினேழு வயது மைக்கேல் வேட் லோசன். டொனால்ட்சன் கொலையைத் தொடர்ந்து டட்லி லோஸ், றோச் முதலானோர் கறுப்பின மக்களின் பாதுகாப்புக்கான செயற்குழுவை அமைத்தார்கள். பொலிஸ் சுட்டால் அதே பொலிஸ் விசாரிக்கக்கூடாது என்பது அவர்களின் பிரதான கோரிக்கை. 1990 இல் ஒன்ராறியோவில் விசேட விசாரணைப் பிரிவு உருவானதற்கு அந்தக் கூச்சலும் ஊர்வலமும் முக்கிய காரணம். அந்தப் பிரிவு பல்லில்லாதது என்று அவர்களே பிறகு திட்டினார்கள் என்பது வேறு கதை. சுட்டவனே மரண விசாரணை அறிக்கையையும் எழுதும் நாட்டிலிருந்து வந்த எங்களுக்கு அந்தக் கோரிக்கையின் பொருளை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆனால் அந்த ஊர்வலங்களில் எங்கள் ஆட்கள் எத்தனை பேர் நின்றார்கள்? 'காப்பிலியளின்ர பிரச்சினை' என்று சொல்லிவிட்டுக் கோப்பை கழுவப் போனோம். அந்தச் சொல்லையும் நாங்கள் ஊரிலிருந்தே கொண்டுவந்தோம்.

றோச்சின் அலுவலகத்தில் இன்னொருவரும் இருந்தார். பீற்றர் றோசென்தால், நியூயோர்க்கில் பிறந்த யூதர், ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். 1969 இல் வியட்நாம் யுத்த எதிர்ப்புக் கூட்டத்தில் கைதாகித் தன் வழக்கைத் தானே பேசப்போய்ச் சட்டத்தில் விழுந்தவர். பிறகு சட்டம் படித்து, 1990களில் முறைப்படி வழக்கறிஞராகி, பேராசிரியர் வேலையையும் விடாமல் ஏழைகளின் வழக்குகளைப் பேசினார். வறுமைக்கு எதிரான போராட்டக்காரர், வீடற்றோர், பொலிசால் சுடப்பட்டோரின் குடும்பங்கள், இப்பர்வோஷில் நிலத்துக்காக நின்ற பழங்குடி மக்கள், இவர்கள்தான் அவருடைய கட்சிக்காரர். ஐம்பது வேட்பாளரை நிறுத்தாத கட்சிக்குத் தேர்தல் பதிவு இல்லை என்ற விதியால் கம்யூனிஸ்ற் கட்சி சொத்தையே இழக்க நேர்ந்தபோது, அந்த வழக்கை உச்சநீதிமன்றம்வரை கொண்டுபோய் 2003 இல் வென்றதும் இவர்தான். பிகுவேரோ வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் இருக்கிறது. சிறு கட்சிகள் எல்லாமே அதன் நிழலில் நிற்கின்றன.

இனி சத்தியத்தின் கதை. கனடாவில் குடியுரிமை பெற, இரண்டாம் எலிசபெத் இராணிக்கும் அவரது வாரிசுகளுக்கும் விசுவாசமாயிருப்பேன் என்று கையை உயர்த்திச் சொல்லவேண்டியிருந்தது. றோச் சொல்ல மறுத்தார். தன் மூதாதையர் அடிமைகள், அந்த அடிமைத்தனம் முடியாட்சியின் கொடிக்குக் கீழே நடந்தது, சட்டத்துக்கு விசுவாசமாயிருப்பேன், ஒரு குடும்பத்துக்கு அல்ல என்பது அவர் வாதம். இதனால் அரை நூற்றாண்டுக்கு மேல் இங்கு வாழ்ந்தும் அவருக்கு வாக்குரிமை கிடைக்கவில்லை. எத்தனையோ பேருக்குக் குடியுரிமைக்கு வழிகாட்டியவர் தான் குடிமகனாகவில்லை. 1994 இல் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் அவருடைய வழக்கைத் தள்ளியது. அவர் விடவில்லை. ஒன்ராறியோ நீதிமன்றத்தில் திரும்பவும் தொடங்கினார்.

நாங்கள் அந்தச் சத்தியத்தை எப்படிச் செய்தோம்? சமையலறை லீவு எடுத்து, கலியாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு, சொற்களை முழுதாகக் கேட்காமலே செய்தோம். எங்களுக்கு அவசரம் இருந்தது. ஆனால் சத்தியம் என்பது எங்களுக்கும் சும்மா விஷயமல்ல. 1983 ஓகஸ்டில், ஜூலையின் சாம்பல் ஆறுமுன்பே, ஆறாவது திருத்தச் சட்டம் வந்தது. தனிநாடு கோரமாட்டேன் என்று பாராளுமன்ற உறுப்பினரும் அரச ஊழியரும் சட்டத்தரணிகளும் சத்தியம் செய்யவேண்டும் என்றது. கூட்டணி உறுப்பினர்கள் மறுத்து ஆசனங்களை இழந்தார்கள். அதற்குப் பிறகு தமிழரின் வழக்கு பாராளுமன்றத்தில் பேசப்படவில்லை, வேறு இடங்களில் பேசப்பட்டது.

ஆயினும் றோச்சின் வாதத்தை நாங்கள் அப்படியே ஏற்றுக்கொள்ளச் சங்கடப்படுகிறோம். எங்களுக்கு இராணி போனது 1972 இல். அவரோடு சோல்பரி யாப்பின் 29 ஆம் பிரிவும், சிறுபான்மையினருக்கென்று இருந்த அந்தச் சிறு வேலியும், போயிற்று. சிங்களத் தேர்ச்சி இல்லையென்று சம்பள உயர்வு மறுக்கப்பட்ட கோடீஸ்வரன் 1969 இல் கடைசியாகத் தட்டிய கதவு இலண்டன் பிரிவி கவுன்சில்தான். அது முற்றாக மூடவில்லை. அதே கவுன்சில் 1953 இல் மலையகத் தமிழரின் பிரசாவுரிமை வழக்கில் கைவிரித்ததும் உண்மைதான். முடி அவருக்குச் சவுக்கு. எங்களுக்கு, சில வேளைகளில், தூரத்தில் இருந்த ஒரு மேன்முறையீடு. குடியரசு என்ற சொல்லைக் கேட்டதும் அவருக்கு விடுதலை ஞாபகம் வரும். எங்களுக்கு 1972 ஞாபகம் வரும்.

அகதிகளான நாங்கள் இங்கே நின்ற தரையும் வழக்கால் வந்ததே. 1985 ஏப்ரல் 4 இல் தீர்ப்பான சிங் வழக்கில், சீக்கியர் உள்ளிட்ட ஏழுபேர், நேரில் கேட்காமல் எங்களை அனுப்பக்கூடாது என்றார்கள். கனடா மண்ணில் நிற்கும் எவருக்கும் உரிமைச் சாசனத்தின் 7 ஆம் பிரிவு பொருந்தும் என்று நீதியரசர் பேர்த்தா வில்சன் எழுதினார். அடுத்த ஆண்டு ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்து வந்த 155 தமிழருக்கு அந்தத் தீர்ப்பின் ஈரம் காயவில்லை. சித்திரவதை ஆபத்துள்ள இடத்துக்கு அனுப்புவதைப்பற்றிய 2002 சுரேஷ் வழக்கைப் பேசிய பார்பரா ஜக்மனும் ரொறன்ரோவின் சிறு அலுவலக மரபில் வந்தவரே. அந்தத் தீர்ப்பு 'விதிவிலக்கான சூழ்நிலை' என்று ஒரு ஓட்டையை விட்டுவைத்தது. சன் சீ கப்பலில் 2010 இல் 492 பேர் வந்திறங்கி மாதக்கணக்காகத் தடுத்துவைக்கப்பட்டபோதும் அடைத்தவர்களுக்கு முன்னால் நின்றவர்கள் லீகல் எயிட் லோயர்கள்தான். 2019 இல் ஒன்ராறியோ அரசு முதலில் கைவைத்த இடங்களில் ஒன்று அகதிகளின் லீகல் எயிட் பணம்.

றோச் 2012 ஒக்ரோபர் 2 இல் காலமானார், குடியுரிமை இல்லாமலே. வழக்கு அவருக்குப் பிறகும் நடந்தது. ஒரு ஐரிஷ் பத்திரிகையாளர், ஒரு ரஸ்தபாரிப் பெண், ஒரு இஸ்ரேலியக் கணிதப் பேராசிரியர், மூவரும் தொடர்ந்தார்கள். 2013 இல் கீழ் நீதிமன்றம் தள்ளியது. 2014 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், சத்தியம் ஒரு ஆளுக்கல்ல, ஆட்சிமுறையின் சின்னத்துக்கு. விரும்பினால் பிறகு பகிரங்கமாக மறுத்துக்கொள்ளலாம் என்றது. 2015 இல் உச்சநீதிமன்றம் கேட்கவே மறுத்தது. அந்த ஆண்டு நவம்பரில் கணிதப் பேராசிரியர் சத்தியம் செய்து குடிமகனானார். முடித்த கையோடு நீதிபதியிடம் ஒரு கடிதத்தைக் கொடுத்து, இராணியைப்பற்றிய பகுதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 2022 செப்ரம்பரிலிருந்து சத்தியத்தில் எலிசபெத் இருந்த இடத்தில் மூன்றாம் சார்ள்ஸ் என்று வாசிக்கிறார்கள்.