தொப்பியில் வந்த கொக்கு

ஒரு பொருளை வாங்குகிறவர், "இது எங்கிருந்து வந்தது? யாரை வாட்டிவிட்டு வந்தது?" என்று எப்போது கேட்கத் தொடங்குகிறார்? பச்சை இலைப் படம் போட்ட சோப்புக்கு நாலு காசு கூடக் கொடுப்போமா, மாட்டோமா என்று இந்தக் காலத்து வியாபாரிகள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். எனக்கென்னவோ, அதற்கு விடை ஒரு பழங்காலத்துத் தொப்பியில் கிடைக்கும் என்று தோன்றுகிறது.

1886-ஆம் ஆண்டில் பிராங்க் சாப்மன் என்ற பறவை ஆராய்ச்சியாளர் நியூயார்க் கடைவீதிகளில் இரண்டு பிற்பகல்கள் நடந்தார். காட்டிலே பறவைகளை எண்ண வேண்டியவர், வீதியிலே பெண்களின் தொப்பிகளை எண்ணினார். 700 தொப்பிகளில் 542 தொப்பிகள் பறவைகளால் அலங்கரிக்கப்பட்டிருந்தன! இறகுகள் மட்டுமல்ல, பாடம் செய்த முழுப் பறவைகளும் அந்த நாளில் தொப்பிகளில் கொலுவிருந்தன. அவற்றில் 40 இனங்களை அவர் அடையாளம் கண்டுகொண்டார்.

மவுசு அதிகம் வெண்கொக்கின் இறகுக்குத்தான். கூடு கட்டும் பருவத்தில் மட்டுமே அதன் முதுகில் நூலிழை போன்ற மெல்லிய இறகுகள் முளைக்கின்றன. ஆகவே வேட்டைக்காரன் கூட்டைத் தேடிக்கொண்டே போனான். தாயையும் தந்தையையும் சுட்டு, இறகைப் பிய்த்துக்கொண்டு திரும்பினான். குஞ்சுகள் வாயைத் திறந்தபடியே பட்டினியால் மாண்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த இறகு, எடைக்கு எடை தங்கத்தைவிட அதிக விலைக்குப் போயிற்று.

அந்த இறகை அணிந்த சீமாட்டிகள் கல்நெஞ்சக்காரிகளா? கதை எழுதுகிறவனுக்கு அவ்வளவு சுலபமான விடை போதாது. வீட்டிலே கிளியைச் சீராட்டி வளர்த்தவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். சதுப்பு நிலத்திற்கும் கடைக் கண்ணாடிக்கும் நடுவே இருந்த தூரம் அவர்களுடைய மனச்சாட்சியைத் தூங்க வைத்திருந்தது.

அதைத் தட்டி எழுப்பியவர்களும் பெண்களே. 1889-ல் மான்செஸ்டரை அடுத்த டிட்ஸ்பரியில் எமிலி வில்லியம்ஸன் என்ற அம்மையார் ஒரு சங்கம் கண்டார். உணவுக்காகக் கொல்லப்படாத எந்தப் பறவையின் இறகையும் அணிவதில்லை என்பது அங்கத்தினரின் பிரதிக்ஞை. நெருப்புக்கோழிக்கு மட்டும் விலக்கு. அந்த விலக்கை நான் கெட்டிக்காரத்தனம் என்பேன். "அழகே கூடாது" என்று சொல்லியிருந்தால் எத்தனை பேர் சேர்ந்திருப்பார்கள்?

1896-ல் பாஸ்டன் நகரத்து ஹாரியட் ஹெமன்வே வேறொரு வழி கண்டார். தம் உறவினர் மின்னா ஹாலுடன் உட்கார்ந்து, ஊர்ப் பெரிய குடும்பங்களின் விலாசப் புத்தகத்தைப் புரட்டினார். இறகுத் தொப்பி அணியக்கூடியவர்களைப் பொறுக்கி எடுத்துத் தேநீருக்கு அழைத்தார். சுமார் 900 பெண்கள் அந்த இறகுகளைத் துறக்க முன்வந்தார்களாம். கொக்கின் மேல் வந்த கருணை பாதி; பக்கத்து நாற்காலிக்காரி என்ன நினைப்பாளோ என்ற கூச்சம் பாதி என்று நினைக்கிறேன். கூச்சத்தால் பிழைத்த கொக்கும் கொக்குதானே!

வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? "இவை செயற்கை இறகுகள்" என்றார்கள். "தாமாக உதிர்ந்தவை, பொறுக்கி எடுத்தோம்" என்றார்கள். பரிசோதித்துப் பார்த்தபோது, செயற்கை என்று விற்றவை அசல் கொக்கிறகாகவே இருந்தன. நல்ல மனத்தோடு கடைக்குப் போனவளும் இப்படி ஏமாந்தாள். பச்சை இலைப் படத்தை எங்கே கண்டாலும் எனக்கு இந்தக் கதைதான் நினைவுக்கு வருகிறது.

1906-ல் அலெக்ஸாண்ட்ரா ராணி அத்தகைய இறகுகளைத் தாம் அணிவதில்லை என்று தெரிவித்தார். ஆஸ்திரேலியாவில் மாட்டிங்லி என்பவர் பட்டினியால் வாடும் கொக்குக் குஞ்சுகளைப் படம் பிடித்தார். 1911-ல் அந்தப் படங்கள் கொண்ட தட்டிகளைச் சுமந்து லண்டன் கடைவீதிகளில் ஆட்கள் நடந்தார்கள். தூரம் கரைந்தது, சதுப்பு நிலம் கடைவாசலுக்கே வந்துவிட்டது.

இத்தனையும் போதவில்லை என்பதுதான் உண்மை. இந்திய அரசாங்கம் 1902-லேயே காட்டுப் பறவைகளின் இறகு ஏற்றுமதியைத் தடுத்தது. பிறகும் இறகுகள் திருட்டுத்தனமாகக் கப்பலேறின. வாங்கும் நாடு கதவைச் சாத்த வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் பார்லிமெண்டு 1921-ல்தான் இறக்குமதித் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. அதற்குள் பெண்கள் தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொள்ளத் தொடங்கியிருந்தார்கள். பெரிய தொப்பி நிற்க இடமில்லாமல் மோஸ்தரும் மாறிக்கொண்டிருந்தது.

1920-ல் வர்ஜீனியா உல்ப் ஒரு கட்டுரையில் நியாயமான கோபம் ஒன்றைக் கொட்டினார். சுட்டவன் ஆண், விற்றவன் ஆண், சட்டம் செய்யாமல் காலம் கடத்திய சபையில் இருந்தவர்களும் பெரும்பாலும் ஆண்கள்; பழி மட்டும் தொப்பி அணிந்தவளுக்கா என்று கேட்டார்.

வாங்குகிறவர் மனம் மாறுவதற்குக் கண்ணால் காணும் சான்றும், அண்டை அயலாரின் துணையும், மாற்றாக ஓர் அழகும், பொய் சொல்லாத கடைக்காரரும் வேண்டியிருந்தார்கள். கடைசியில் சட்டமும் வேண்டியிருந்தது. இவை ஒவ்வொன்றாக வந்து சேர முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அத்தனை ஆண்டுகளும் கூடுகளில் குஞ்சுகள் காத்துக்கொண்டுதான் இருந்தன.