கலிப்பு, களிப்பு அல்ல!

கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டிலோ, எதிரே சாலைக் கம்போளத்திலோ பத்து நிமிடம் நின்றால் போதும். "ஆளு இன்னு நல்ல கலிப்பிலாணு" என்று யாராவது யாரையாவது பற்றிச் சொல்வது காதில் விழும். தமிழ்க் காதுக்கு அது 'களிப்பு' என்றுதான் கேட்கும். ஆஹா, மனிதர் இன்றைக்குக் குஷியாக இருக்கிறாராம், லீவு கேட்க இதுதான் நேரம் என்று கேபினுக்குள் நுழைந்தீர்களோ, தொலைந்தீர்கள்!

ஒரு லகரத்தில் உலகமே மாறிவிடும் ஊர் இது. மலையாளத்தில் 'களி' என்றால் விளையாட்டு. 'கலி' என்றால் கோபம். அந்தக் கோபம் கையை முறுக்கிக்கொண்டு கிளம்பினால் 'கலிப்பு'. உச்சத்துக்குப் போனால் 'கட்டக்கலிப்பு'. எப்போதும் அதே மூடில் திரிகிறவன் 'கலிப்பன்'. அதை யார் மேலாவது கொட்டித் தீர்ப்பது 'கலிப்பு தீர்க்கல்'. பி.காம். படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுகிற எனக்கு இந்தக் கடைசிப் பிரயோகம் ரொம்பப் பிடிக்கும். கணக்குத் தீர்ப்பது மாதிரியேதான். ஆபீசில் வாங்கிய பாக்கியை வீட்டில் போய்த் தீர்ப்பார்கள். யார் பற்றில் யாருக்கு வரவு என்பதுதான் இடிக்கும்.

சரி, இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? கொஞ்சம் தோண்டினால் இரண்டு ஊற்று தெரிகிறது.

முதல் ஊற்று நம்முடையது. பழந்தமிழில் 'கலி' என்றால் ஆரவாரம். தொல்காப்பியத்தின் உரியியல், அரவத்தைக் குறிக்கும் சொற்களில் ஒன்றாகக் கலியைச் சொல்கிறது. கலித்தல் என்றால் ஒலித்தல், தழைத்தல், செருக்குதல். கலித்தொகை என்று ஒரு நூலே இருக்கிறது. கலிப்பாவுக்கு உரிய ஓசை துள்ளலோசை என்று பள்ளிக்கூடத்தில் உருப்போட்டது நினைவிருக்கலாம். இவற்றில் எதிலும் அடிதடி கிடையாது. செருக்கு என்ற பொருள் மட்டும் சண்டைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது.

இரண்டாவது ஊற்று வடமொழியிலிருந்து. அங்கே 'கலி' என்பது முதலில் சூதாட்டச் சொல். கிருதம், திரேதா, துவாபரம், கலி என்று தாய வீச்சுகள் நான்கு. நான்கிலும் மட்டமானது, தோற்கிற வீச்சு, கலி. அந்தப் பெயர்களைத்தான் நான்கு யுகங்களுக்கும் வைத்தார்கள். அப்புறம் தோல்வியும் சச்சரவும் சேர்ந்து 'கலி' என்று ஓர் ஆளாகவே ஆகிவிட்டது. அந்த ஆளின் பிரபலமான கதை நளன் கதை. தமயந்தி தன்னை விட்டுவிட்டு நளனுக்கு மாலையிட்டாள் என்ற ஆத்திரத்தில் கலி அவனைப் பின்தொடர்கிறான். மகாபாரதக் கணக்குப்படி பன்னிரண்டு வருஷம் காத்திருக்கிறான். ஒருநாள் நளன் கால் கழுவாமல் சந்தி செய்தான், அந்தச் சின்ன ஓட்டை போதுமாக இருந்தது, உள்ளே புகுந்துவிட்டான். நாடு போச்சு, நகை போச்சு, கடைசியில் நடுக்காட்டில் தூங்கிக்கொண்டிருந்த மனைவியின் சேலையில் பாதியைக் கிழித்து உடுத்திக்கொண்டு நளன் ஓடிப்போகிறான்.

தமிழில் புகழேந்தி இதை நளவெண்பாவாகப் பாடினார். அதில் ஒரு காண்டத்தின் பெயர் கலிதொடர் காண்டம், அடுத்தது கலிநீங்கு காண்டம். மலையாளத்தில் உண்ணாயி வாரியர் நான்கு நாள் ஆட்டத்துக்கு நளசரிதம் எழுதினார். கதகளி மேடையில் கலி தாடி வேஷம் கட்டி, அலறிக்கொண்டு வருவான். இப்படிக் கண்ணால் பார்த்த ஜனங்களின் பேச்சில் 'கலி கேறி' (கலி ஏறி), 'கலி இளகி', 'கலி துள்ளி' என்று வழக்குகள் இருப்பதில் என்ன ஆச்சரியம்? சிரிப்பு, வெறுப்பு, கடுப்பு என்று நாம் போடும் அதே 'ப்பு' விகுதியை அதற்கு மாட்டினால் கலிப்பு ரெடி. பொருள் நளன் கதையிலிருந்து, விகுதி நம் வீட்டிலிருந்து. இது என் வாசிப்பு.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள் மக்களே. கலி ஏறுகிறது, இளகுகிறது, துள்ளுகிறது. எல்லாவற்றையும் செய்வது கலி. ஆள் சும்மா இருக்கிறான்! தமிழும் இதில் லேசுப்பட்டதில்லை. கோபம் 'வந்தது', வெறி 'பிடித்தது', ஆத்திரம் 'கண்ணை மறைத்தது' என்கிறோம். தப்பெல்லாம் வந்தது மேலே. வாங்கியவன் பாவம், வெறும் வாடகை வீடு.

ஆனால் இதே சொல்லை நேர் எதிராகவும் ஒருவர் பிரயோகித்திருக்கிறார், அதுவும் இந்த ஊரைப் பார்த்து. கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், திரு-கொச்சி என்று இந்தப் பக்கத்தோடுதான் இருந்தது. அங்கே சாமித்தோப்பில் பிறந்தவர் அய்யா வைகுண்டர் (1809–1851). தலைப்பாகை கட்டவும் உரிமையில்லாத மக்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு கும்பிட வரச் சொன்னவர். அவருடைய வழியின் நூல் 1841ல் எழுதப்பட்ட அகிலத்திரட்டு அம்மானை. அதில் திருவிதாங்கூர் அரசனுக்குப் பெயர் 'கலிநீசன்'. ஏழைக்கு வரி போட்டு, ஊழியம் வாங்கி, உடுப்பிலும் கை வைத்த ஆட்சிதான் அவருக்குக் கலி. சும்மா விடுவார்களா? 1830களின் கடைசியில், சுவாதித் திருநாள் காலத்தில், வைகுண்டரைப் பிடித்துக்கொண்டு வந்து திருவனந்தபுரத்தில் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தார்கள். அந்த ராஜா கட்டிய குதிரைமாளிகை இன்றும் கோட்டைக்குள் இருக்கிறது. டிக்கெட் எடுத்துப் பார்க்கலாம்.

அவர் வாயில் கலி ஒரு குற்றச்சாட்டு. 'என்னை மீறி வந்துவிட்டது' என்ற சமாதானம் அல்ல, 'நீ செய்கிறாய்' என்ற விரல் நீட்டல். அந்தக் கலியை அழிக்க அவர் சொன்ன வழி பொறுமையும் தர்மமும். கத்தியும் கம்பும் இல்லை.

அங்கிருந்து நம் காலத்துக்கு வந்தால் சொல் வேறு சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறது. 2005ல் வந்த ராஜமாணிக்யம் படத்தில் மம்மூட்டி திருவனந்தபுரத்துப் பேச்சைப் பேசி, அதைக் கேரளம் முழுக்கப் பரப்பினார். 2015ல் பிரேமம் வந்தது. அதில் கலிப்பு என்ற பெயரிலேயே ஒரு பாட்டு. படம் சென்னையிலும் மாதக்கணக்கில் ஓடியதால் நம் பசங்களுக்கும் சொல் பழகிவிட்டது. அடுத்த வருஷம் 'கலி' என்றே ஒரு படம். முன்கோபத்தால் கல்யாண வாழ்க்கையைக் கந்தலாக்கிக்கொள்ளும் நாயகனாகத் துல்கர் சல்மான். அவர் வேலை பார்ப்பது எங்கே தெரியுமா? வங்கியில்! (எங்கள் கவுண்டரில் ஒருநாள் உட்கார்ந்தால் காரணம் புரியும்.)

அப்புறம்தான் விபரீதம். 'கலிப்பனும் காந்தாரியும்' என்று இணையத்தில் ஒரு ஜோடி கிளம்பியது. காந்தாரி என்பது இங்கே கிடைக்கும் குட்டி மிளகாய், பயங்கரக் காரம். எடுத்ததற்கெல்லாம் சீறுகிற, 'அங்கே போகாதே, அவனோடு பேசாதே' என்று அதட்டுகிற காதலனும், அதையே அன்பென்று ரசிக்கிற வாயாடிப் பெண்ணும். கல்லூரியில் படிக்கும் என் மகளிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "அப்பா, இப்ப கலிப்பன்னா கிண்டல்ப்பா, எவளும் சீந்தமாட்டா" என்றாள். வயிற்றில் பால் வார்த்தாள்.

ஆனால் கிண்டல் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேரவில்லை. கொஞ்ச நாள் முன்பு கிளைக்கு ஒரு பெண் வந்தார். முப்பது வயதிருக்கும். தன் பெயரில் மட்டும் ஒரு கணக்கு வேண்டும், ஏடிஎம் கார்டை வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றார். ஃபாரத்தில் கையெழுத்துப் போடும்போது மணிக்கட்டில் கன்றிய தழும்பு தெரிந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்: "ஆளு பாவமாணு சாரே. கலி கேறியா பின்னே ஆளல்ல." ஆள் நல்லவர்தான், கலி ஏறினால்தான் அவர் அவராக இருக்க மாட்டார் என்கிறார்.

இரண்டாயிரம் வருஷத்துக் கதை ஒரு கையெழுத்துக்குள் வந்து நின்றது போல இருந்தது. 2005ல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் அமலில் உள்ள குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பற்றி அவரிடம் சொன்னேன். அடிப்பது மட்டுமில்லை, பணத்தைப் பிடுங்கி வைத்துக்கொள்வதும் அந்தச் சட்டப்படி வன்முறைதான். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கணக்கு அன்றே திறந்தாகிவிட்டது.

நளன் கதையை மேற்கோள் காட்டுகிறவர்கள் அதன் முடிவை மறந்துவிடுகிறார்கள். கலி அவன் உடம்பை விட்டு எப்போது போனான்? இருதுபன்னன் என்ற ராஜாவுக்குத் தேரோட்டிப் போகும் வழியில், ஒரு தான்றி மரத்தின் இலையும் காயும் இத்தனை என்று ராஜா பார்த்தவுடன் சொல்கிறான். நளன் நம்பாமல் எண்ணிப் பார்க்கிறான், சரியாக இருக்கிறது. அந்த எண்ணும் வித்தையை ராஜாவிடம் கற்றுக்கொள்கிறான். கற்று முடித்த அந்த நிமிஷம் கலி விஷத்தைக் கக்கிக்கொண்டு வெளியேறுகிறான்.

மந்திரமில்லை, மாயமில்லை. உட்கார்ந்து எண்ணினான், அவ்வளவுதான். தன்னால் என்னென்ன போயிற்று, யாருக்கு எவ்வளவு பாக்கி என்று கலிப்பன்களும் ஒருநாள் உட்கார்ந்து எண்ணட்டும். அந்தப் பெண்ணின் மணிக்கட்டையும் சேர்த்து.