இலங்கைச் சிற்றனெல்லா எண்ணெயின் ஏற்றமும் இறக்கமும்

இலங்கையின் பொருளாதார வரலாற்றை எழுதப் புகுவோர் கறுவாவைப் பற்றியும் கோப்பியைப் பற்றியும் விரித்துரைப்பர். தேயிலை, இறப்பர், தெங்கு என்பவற்றுக்குத் தனித்தனி அதிகாரம் வகுப்பர். இப்பெரும் பயிர்களின் நிழலிலே மறைந்து நிற்கும் சிறுபயிர்களும் சில உள. அவற்றுள் ஒன்று சிற்றனெல்லாப் புல். இப்புல்லிலிருந்து வடித்தெடுத்த எண்ணெய் ஒரு காலத்தில் மேனாட்டுச் சவர்க்கார ஆலைகளுக்கெல்லாம் மணம் ஊட்டியது. அக்காலத்தில் இலங்கை என்னும் பெயரே அவ்வெண்ணெய்க்கு முத்திரையாய் விளங்கிற்று. ஐம்பது ஆண்டு கழியுமுன் அதே பெயர் வணிகர் ஐயுறும் பெயராக மாறிற்று. அம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புல்லும் பெயரும்

நறும்புல் என்பது தமிழர்க்குப் புதிய பொருளன்று. நரந்தம் என்னும் மணமுள்ள புல்லைப் புறநானூறு அறியும். வெட்டிவேர் இன்றும் நம் இல்லங்களிற் பயன்படுகின்றது. சிற்றனெல்லா என்ற பெயரோ எலுமிச்சை இனத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. புல்லைக் கசக்கியவுடன் எழும் எலுமிச்சை மணமே அப்பெயர்க்குக் காரணம். சிங்கள மக்கள் இதனைப் பெங்கிரிமானா என்பர். மலைநாட்டுத் தோட்டங்களிலே முதிர்ந்த தேயிலைச் செடிகளை அகற்றிய பின்னர், மண்ணை மீண்டும் வளப்படுத்தும் பொருட்டு மானாப்புல் நடுவதுண்டு. அதுவும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. தோட்டத் தமிழர் நாவில் வழங்கும் மானா என்னும் சொல் சிங்களத்திலிருந்து வந்ததாகும்.

தாவரவியலார் லின்னேயசு 1753 இல் இப்புல்லுக்கு இட்ட பெயரில் நார்டசு என்னும் சொல் அமைந்திருந்தது. பழங்காலத்தார் பெரிதும் போற்றிய நார்டு என்னும் நறும்பொருளை நினைவூட்டும் சொல் அது. உண்மையான நார்டு இமயச்சாரலில் வளரும் வேறொரு செடியின் வேராகும். சிற்றனெல்லாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. எனினும் அப்பெயர் நிலைத்துவிட்டது. சிம்போபோகன் நார்டசு என்றே இன்றும் அறிவியலுலகம் இப்புல்லை வழங்குகின்றது.

வணிகத்தின் தோற்றம்

இலங்கையின் கரையோரம் ஒல்லாந்தர் ஆட்சியிலிருந்த பதினேழாம் நூற்றாண்டிலே, அவர்தம் கிழக்கிந்தியக் கும்பனியின் மருத்துவராகக் கொழும்பிற் பணியாற்றிய நிக்கொலாசு கிறிம் என்பார் இந்நாட்டு மூலிகைகளை ஆராய்ந்து எழுதினார். கொழும்பைச் சூழ்ந்த இடங்களில் மணமுள்ள புல்லொன்று மிகுதியாய் வளர்வதை அவர் குறித்துள்ளார். ஆயினும் ஒல்லாந்தர் கருத்தெல்லாம் கறுவாவிலேயே இருந்தமையால் புல்லெண்ணெய் அக்காலத்திற் பெருவணிகப் பொருளாகவில்லை.

அதனை வணிகப் பொருளாக்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் சவர்க்காரத் தொழிலே. பிரித்தானியாவிற் சவர்க்காரத்தின் மீதிருந்த வரி 1853 இல் நீக்கப்பட்டது. செல்வர் வீட்டுப் பொருளாயிருந்த சவர்க்காரம் படிப்படியாக எளியோர் வீட்டுக்கும் உரியதாயிற்று. மலிவான சவர்க்காரத்துக்கு மலிவான மணம் வேண்டும். உரோசா எண்ணெயை அதற்குப் பயன்படுத்துதல் இயலாது. சிற்றனெல்லா எண்ணெயோ விலை குறைந்தது, மணமோ வலியது, உரோசாவின் மணத்துக்கு அடிப்படையான ஜெரானியோல் என்னும் பொருளும் அதில் உண்டு. ஆகவே அதற்கு அளவிறந்த தேவை எழுந்தது.

இத்தேவையை நிறைவு செய்தவை இரண்டு இடங்கள். ஒன்று மலாய்க் குடாநாட்டை அடுத்த சிங்கப்பூர். அங்கு கேலாங் பகுதியிலிருந்த தோட்டங்களில் இவ்வினப் புற்கள் பயிரிடப்பட்டன; கேலாங் செராய் என்னும் இடப்பெயரில் இன்றும் நிலைத்திருக்கும் செராய் என்ற மலாய்ச் சொல் அப்புல்லையே குறிப்பது. மற்றையது இலங்கையின் தென்மாகாணம். கின் கங்கைக்கும் வளவை கங்கைக்கும் இடைப்பட்ட காலி, மாத்தறை, அம்பாந்தோட்டைப் பகுதிகளின் குன்றுகளிலே இப்புல் பரந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு 40,000 முதல் 50,000 ஏக்கர் வரையான நிலம் இப்பயிரின் கீழ் இருந்ததாகக் கணிக்கப்பட்டது. ஆண்டுதோறும் ஏற்றுமதியான எண்ணெயோ பத்து இலட்சம் இறாத்தலைக் கடந்தது. 1885 அளவில் கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் நிறைவுற்றதும் காலி தன் பழம்பெருமையை இழந்தது. அத்தகைய காலத்திலே தென்மாகாணத்தாருக்கு இப்புல் ஓர் ஊன்றுகோலாய் அமைந்தது எனலாம்.

கிராமத்துத் தொழில்

தேயிலைக்குப் பெருமுதல் வேண்டும், தொழிற்சாலை வேண்டும், குளிர்ந்த மலை வேண்டும். சிற்றனெல்லாவுக்கு இவையொன்றும் வேண்டுவதில்லை. பிற பயிர் ஏற்காத வறண்ட சரளை மண்ணிலும் அது வளரும். ஒருமுறை நட்ட புல்லைப் பத்தாண்டுக்கு மேலும் அறுக்கலாம். அறுத்த புல்லைச் சிறிது உலரவிட்டு, கலத்தில் அடைத்து, கொதிகலனிலிருந்து வரும் நீராவியை அதனுட் செலுத்துவர். நீராவி புல்லிலுள்ள எண்ணெயையும் ஆவியாக்கித் தன்னுடன் கொண்டு செல்லும். தண்ணீர்த் தொட்டியுள் அமைந்த சுருட்குழாயிற் குளிர்ந்ததும் இரண்டும் திரவமாய் வழியும். எண்ணெய் நீரின்மேல் மிதக்க, அதனைப் பிரித்தெடுப்பர். வடித்தபின் எஞ்சிய புல்லை உலர்த்தி அடுப்புக்கு விறகாக்குவர். இவ்வாறு பயிரே தன்னை வடிக்கும் எரிபொருளையும் தந்தமையால் செலவு மிகக் குறைந்தது. சிறுநிலக்காரரும் இத்தொழிலில் ஈடுபட்டமைக்கு இதுவே காரணம்.

ஆயின் இவர்கள் தம் எண்ணெயை நேரே இலண்டனுக்கோ நியூயோர்க்குக்கோ விற்றாரல்லர். கிராமத்திலே கொள்வோர் ஒருவர்; அவரிடமிருந்து காலியிற் கொள்வோர் வேறொருவர்; ஏற்றுமதி செய்வோர் பிறிதொருவர். பலருடைய எண்ணெய் ஒரே பீப்பாவிற் கலந்தது. தூய எண்ணெய் தந்தவனுக்கும் கலப்பெண்ணெய் தந்தவனுக்கும் விலை ஒன்றேயாயிற்று. இத்தொழிலின் பிற்கால வரலாறு முழுவதற்கும் வித்து இங்கேயே உள்ளது.

கலப்படமும் சோதனையும்

விலை எடைக்கு மட்டுமே கொடுக்கப்படுமாயின், எடையைக் கூட்டுபவன் இலாபமடைவான். சிற்றனெல்லா எண்ணெயுடன் மண்ணெண்ணெய் கலக்கப்பட்டது; சிலவேளை தேங்காயெண்ணெயும் சேர்க்கப்பட்டது. மேனாட்டு வாசனைப் பொருள் வணிகர் இதனைக் கண்டு முறையிட்டனர். அவருள் முதன்மையானோர் ஜெர்மனியின் லீப்சிக் நகரைச் சார்ந்த சிம்மெல் நிறுவனத்தார். இவர்கள் தம் ஆய்வுகூடத்தில் எளிய சோதனையொன்றை வகுத்தனர். நூற்றுக்கு எண்பது பங்கு வலிமையுள்ள அற்ககோலிலே தூய எண்ணெய் கரையும். அதன் பத்து மடங்கு அற்ககோல் சேர்த்தாலும் எண்ணெய்த்துளி பிரியாது. மண்ணெண்ணெயோ அற்ககோலிற் கரையாமற் பிரிந்துவிடும். சிம்மெல் சோதனை எனப் பெயர் பெற்ற இதனை ஏற்றுமதி வணிகர் அளவுகோலாக ஏற்றுக்கொண்டனர்.

இதன் விளைவு எதிர்பார்த்ததன்று. மண்ணெண்ணெய் மிகுதியாயின் சோதனை காட்டிக்கொடுக்கும்; சிறிதாயின் காட்டாது. எனவே எவ்வளவு கலந்தாற் சோதனையில் தப்பலாம் என்பதை வணிகர் விரைவிற் கற்றுக்கொண்டனர். நல்லெண்ணெயைக்கூடச் சோதனை தாங்கும் எல்லைவரை கலந்து விற்றனர். இழிந்த எண்ணெயை விலக்குதற்கு வகுத்த எல்லை, எல்லா எண்ணெயும் வந்து சேரும் மட்டமாயிற்று. இதனைக் கண்ட சிம்மெல் நிறுவனத்தார் சோதனையைக் கடுமையாக்கினர். வந்த எண்ணெயில் நூற்றுக்கு ஐந்து பங்கு மண்ணெண்ணெயைத் தாமே சேர்த்து, அதன் பின்னரும் அது சோதனையில் தேறுகின்றதா எனப் பார்த்தனர். தூய எண்ணெயாயின் அச்சிறு கலப்பைப் பொறுக்கும். முன்னரே கலக்கப்பட்டதாயின் பொறாது. ஓர் எண்ணெயின் தூய்மையை அறிவதற்கு அதனுள்ளே மாசைப் பெய்து பார்க்கவேண்டிய நிலை வந்ததெனின், அவ்வணிகத்தில் நம்பிக்கை எவ்வளவு தேய்ந்திருந்தது என்பது சொல்லாமலே விளங்கும்.

யாவாவின் எழுச்சி

சிற்றனெல்லாவில் இருவகை உண்டு. ஒன்று லெனபத்து; மற்றையது மகா பெங்கிரி. மகா பெங்கிரியின் எண்ணெயில் சிற்றனெலால் என்னும் பொருள் நூற்றுக்கு முப்பது பங்குக்கும் மேலாக அமையும். லெனபத்து எண்ணெயில் அது மிகக் குறைவு. புல்லிலிருந்து கிடைக்கும் எண்ணெயின் அளவும் மகா பெங்கிரியில் மிகுதி. காலிக்கு அண்மையிலுள்ள பத்தேகமவிலே வின்டர் என்னும் தோட்டக்காரர் இவ்வுயர்ந்த வகையைப் பயிரிட்டு நல்லெண்ணெய் வடித்தார். 1908 இல் இப்புற்களை ஆராய்ந்த யோவிற் என்பார், மகா பெங்கிரியைத் தனியினமாகக் கொண்டு, வின்டரின் பெயரால் சிம்போபோகன் வின்டரியானசு எனப் பெயரிட்டார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வுயர்ந்த வகை இலங்கையிலிருந்து யாவாவுக்குச் சென்றது. யாவாவின் வளமிக்க எரிமலை மண்ணில் அது செழித்தது. அங்கு வடித்த எண்ணெயை மேனாட்டார் அதிலுள்ள பொருள்களின் அளவை மதிப்பிட்டு வாங்கினர். இலங்கை எண்ணெயில் ஜெரானியோலாகக் கணக்கிடத்தக்க பொருள்கள் நூற்றுக்கு ஏறத்தாழ அறுபது பங்காயிருக்க, யாவா எண்ணெயில் அவை எண்பத்தைந்து பங்களவாயிருந்தன. இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் யாவா எண்ணெயே சந்தையில் முதலிடம் பெற்றது.

யாவாவின் வெற்றி மண்ணாலும் புல்லாலும் வந்ததென்று கூறி அமைவோர் உளர். இக்கூற்று முழுமையானதன்று. உயர்ந்த புல் முதலில் இருந்தது இலங்கையிலேயாம். அது இங்கு பரவாமற்போனது ஏன்? மகா பெங்கிரி நல்ல மண்ணையும் மிகுந்த கவனத்தையும் வேண்டுவது. சில ஆண்டுக்கொருமுறை புதிதாக நடவும் வேண்டும். அவ்வுழைப்புக்கேற்ற விலை கிடைக்குமாயின் சிறுநிலக்காரருட் சிலரேனும் அதனை நாடியிருப்பர். ஆனால் விலையோ எண்ணெயின் குணத்துக்கன்றி எடைக்கே கிடைத்தது. அந்நிலையில் வறண்ட மண்ணில் தானே வளரும் லெனபத்துவை விட்டு மற்றையதை நடுதல் அறிவுடைமையாகாது. ஆகவே யாவாவின் ஏற்றத்துக்குப் புல் துணைநின்றது உண்மையே. இலங்கையின் இறக்கத்துக்கு மூலகாரணம் தூய்மைக்கு விலை தராத வணிக முறையே என்க. உழவனை மட்டும் பழித்தல் முறையன்று.

பிற்கால வரலாறு

சிற்றனெல்லாவின் பயன் சவர்க்காரத்தோடு நின்றுவிடவில்லை. அதிலுள்ள சிற்றனெலாலிலிருந்து, லில்லி மலரின் மணத்தையொத்த புதிய பொருளை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரசாயனவியலார் ஆக்கினர். இனிப்புக்கும் பற்பசைக்கும் குளிர்ச்சி தரும் மெந்தோலையும் அதிலிருந்து ஆக்கலாம். சிற்றளவில் உணவுக்கு மணமூட்டவும் இவ்வெண்ணெய் பயன்படும். நுளம்பை விரட்டும் குணமும் அதற்குண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1948 இல் அது பூச்சிவிரட்டியாகப் பதிவு செய்யப்பட்டது.

1942 இல் யாவா யப்பானியர் கைப்பட்டதும் அத்தீவின் எண்ணெய் நேசநாடுகளுக்குக் கிடையாதாயிற்று. அப்போது குவாத்தமாலா போன்ற புதிய நாடுகளும் இப்பயிரில் இறங்கின. போருக்குப் பின்னரோ, பைன் மரத்துத் தெர்ப்பன்தைன் எண்ணெயிலிருந்து ஜெரானியோலைச் செயற்கையாக ஆக்கும் முறை பரவிற்று. இப்போட்டியால் இலங்கையின் சிற்றனெல்லா நிலம் மேலும் சுருங்கிற்று. தென்மாகாணத்தில் அதன் இடத்தைப் பெரும்பாலும் வேறு பயிர்கள் பெற்றன.

எனினும் இலங்கை எண்ணெயின் பெயர் முற்றாக அழிந்துவிடவில்லை. சர்வதேசத் தர நிர்ணய நிறுவனம் யாவா வகைக்கு ஒன்றும் இலங்கை வகைக்கு ஒன்றுமாக இரு தனித்தரங்களை வகுத்துள்ளது. யாவா வகையில் அரிதாகக் காணப்படும் சில பொருள்கள் இலங்கை வகையில் நிறைந்திருப்பதால் அதன் மணம் வேறுபட்டது. தாழ்ந்ததெனக் கருதப்பட்ட லெனபத்துவுக்கும் தனக்கெனவொரு குணமுண்டு என்பதை உலகம் இவ்வாறு ஏற்றுக்கொண்டது. அக்குணத்தை அளந்தறிந்து அதற்கு உரிய விலை கொடுக்கும் வழக்கம் நூறு ஆண்டுகளுக்கு முன்னரே வேரூன்றியிருப்பின் இவ்வரலாறு வேறாக அமைந்திருக்கக்கூடும்.

முடிவுரை

தென்மாகாணத்திலும் விளையும் மற்றொரு நறும்பொருளான இலங்கைக் கறுவா 2022 இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீட்டைப் பெற்றது. ஒரு நாட்டின் பெயரைத் தாங்கிச் செல்லும் பொருளுக்குச் சட்டம் காவலாய் நிற்றல் வரவேற்கத்தக்கதே. எனினும் எல்லையை வகுத்தல் மட்டும் காவலாகாது என்பதையே சிம்மெல் சோதனையின் கதை நமக்குணர்த்துகின்றது. எல்லைக்கு மேலும் உயர்பவனுக்கு ஊதியமில்லையெனின், யாவரும் எல்லையிலே நின்றுவிடுவர். இது எண்ணெய்க்கு மட்டும் உரிய உண்மையன்று. சித்தியெய்துதற்குரிய புள்ளியையே குறிக்கோளாகக் கொள்ளும் கல்விக்கும் பொருந்தும். புல்லின் மணம் ஒருநாட் காற்றிற் கலந்துபோம். நற்பெயரின் மணமோ தலைமுறைகளைக் கடந்து நிற்கும். அதனைக் காப்பதற்குத் தனியொருவன் நேர்மை போதாது, நேர்மைக்கு மதிப்பளிக்கும் சமுதாயமும் வேண்டும்.