யாரோ போட்ட கணக்கு - மெயின்ஃப்ரேம் டிஸ்க்கில் இடம் பிடித்த கதை

ராத்திரி ரெண்டே கால் மணிக்கு போன் அடிச்சா ரெண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒண்ணு ஊர்ல இருந்து கெட்ட சேதி, இல்லைன்னா ஆபரேட்டர். அன்னிக்கு ஆபரேட்டர். "சார், மாசக் கடைசி ஜாப் பி37ல விழுந்துடுச்சு."

அஞ்சு வருஷமா ஒரு எழுத்து கூட மாத்தாம ஓடிட்டிருந்த ரெக்ஸ் நிரல் அது. எழுதின புண்ணியவான் அடியேன்தான். டேட்டாசெட் உருவாக்குற அலோகேட் கட்டளையில எவ்வளவு இடம் வேணும்னு நான் சொல்லவே இல்லை. சொல்லாமலே ஓடுச்சு, விட்டுட்டேன். அப்போ அந்த இடத்தை யார் கொடுத்தா, எவ்வளவு கொடுத்தான்னு தேடப் போனதுல கிடைச்ச சரித்திரம்தான் இந்தப் பதிவு.

சிஸ்டம்/360ஐ ஐபிஎம் அறிவிச்சது 1964 ஏப்ரல் 7. கூட வந்த 2311 டிஸ்க்குல ஒரு பேக்குக்கு 72.5 லட்சம் பைட். இன்னிக்கு செல்போன்ல எடுக்கிற ரெண்டு மூணு போட்டோ, அவ்வளவுதான்! அதையும் பல பேர் பங்கு போட்டுக்கணும். அதனால ஃபைலை உருவாக்கும்போதே இவ்வளவு இடம் வேணும்னு ஜேசிஎல்ல சொல்லிடணும்.

கணக்கு நம்ம கல்யாணப் பந்தி மாதிரி. முதல் பந்திக்கு இத்தனை இலை (பிரைமரி). கூட்டம் வந்தா ஒவ்வொரு தடவையும் இத்தனை கூடுதல் (செகண்டரி). ஆனா பந்தி நடத்துறதுக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. சாதாரண சீக்வென்ஷியல் டேட்டாசெட்டுக்கு ஒரு வால்யூம்ல 16 எக்ஸ்டென்ட், அதாவது 16 துண்டு.

அது ஏன் 16? வால்யூமோட பொருளடக்கத்துல (விடிஓசி) ஒவ்வொரு டேட்டாசெட்டுக்கும் 140 பைட்டுல ஒரு சீட்டு. அதுல 3 துண்டோட விலாசம் எழுதத்தான் இடம். பத்தலைன்னா இன்னொரு சீட்டு சேர்ப்பாங்க, அதுல 13. மூணும் பதிமூணும் பதினாறு. ஒரு சீட்டோட அளவுதான் இத்தனை வருஷமா நம்ம தூக்கத்தைக் கெடுக்குது!

அடுத்த தலைவலி ட்ராக். 2311ல ஒரு ட்ராக்குக்கு 3,625 பைட். 2314ல 7,294. 3330ல 13,030. 3350ல 19,069. 3380ல 47,476. 1989ல வந்த 3390ல 56,664. அப்போ 'நூறு ட்ராக் கொடு'ன்னு எழுதினா 2311ல மூணரை லட்சம் பைட்டு சொச்சம், 3390ல அம்பத்தாறு லட்சம். டிஸ்க் மாறும்போதெல்லாம் ஜேசிஎல்லைத் திருத்தணும். இல்லைன்னா இடம் வீண். ட்ராக்குக்குப் பதிலா 'இந்த நீளத்துல இத்தனை பிளாக்'னு கேட்டா, ட்ராக் கணக்கை சிஸ்டமே போட்டுக்கும். விவரமானவங்க அப்படித்தான் கேட்டாங்க.

இப்ப என் கதைக்கு வரேன். நீங்க இடம் சொல்லலைன்னா டைனமிக் அலோகேஷன் பார்ம்லிப்ல 'அலாக்'னு ஆரம்பிக்கிற மெம்பர்ல இருக்கிற மதிப்பை எடுத்துக்கும். யாரும் அதை மாத்தலைன்னா ஐபிஎம் கொடுத்த கணக்கு: 8,192 பைட் பிளாக்கா பிரைமரி 4, செகண்டரி 24.

3390 ட்ராக்ல அந்த அளவு பிளாக் 6 பிடிக்கும். ஆக பிரைமரி 1 ட்ராக், செகண்டரி 4 ட்ராக். 16 துண்டுக்கு 1 + 15 x 4 = 61 ட்ராக். என் ஃபைல்ல ரெக்கார்டு 80 பைட், பிளாக் 27,920 பைட். ட்ராக்குக்கு 698 ரெக்கார்டு. 61 ஆல பெருக்கினா 42,578. அந்த மாசம் ரெக்கார்டு நாப்பத்து மூவாயிரத்தைத் தாண்டிடுச்சு. அஞ்சு வருஷமா நிரல் நல்லா இருக்குன்னு நெனச்சிட்டிருந்தேன். நல்லா இருந்தது நிரல் இல்லீங்க, டேட்டா சின்னதா இருந்துச்சு.

(பக்கத்துப் பக்கத்துல இடம் கிடைச்சா ரெண்டு துண்டை சிஸ்டமே ஒண்ணா சேர்த்துக்கிறதும் உண்டு. அதனால இந்த மாதிரி ஜாப் ஒரு நாள் ஓடும், ஒரு நாள் விழும். பேய் பிடிச்ச மாதிரி இருக்கும்.)

இந்தத் தொல்லைக்குத்தான் 1988ல எஸ்எம்எஸ் வந்துச்சு. செல்போன் எஸ்எம்எஸ் இல்லீங்க, ஸ்டோரேஜ் மேனேஜ்மென்ட் சப்சிஸ்டம். டேட்டா கிளாஸ்னு ஒண்ணு வரையறுத்து வெச்சுட்டா, இடம் சொல்லாதவங்களுக்கு அதுல இருந்து கிடைக்கும். எக்ஸ்டெண்டட் ஃபார்மட்ல வால்யூமுக்கு 123 துண்டு வரைக்கும் போகலாம்.

வேடிக்கை என்னன்னா, இன்னிக்கு மெயின்ஃப்ரேம்ல நிஜ 3390 கிடையாது. உள்ளே இருக்கிறது வேற டிஸ்க், ஃப்ளாஷ். ஆனா வெளியே 'நான் 3390தான், சிலிண்டருக்கு 15 ட்ராக்'னு வேஷம் போடுது. பழைய நிரலெல்லாம் ஓடணுமே! ஓஎஸ்/360ஐ உருவாக்கின குழுவுக்குத் தலைமை தாங்கின ஃப்ரெட் ப்ரூக்ஸே 2010ல வந்த தன் புத்தகத்துல ஜேசிஎல்லைக் கிழிச்சுத் தொங்கவிட்டிருக்கார். ஆனாலும் அது இன்னும் ஓடுது.

இடப் பிரச்சனையில ஜாப் விழுந்தா நான் இப்போ பார்க்கிற வரிசை இதுதான். முதல்ல, இடம் நாமளே கேட்டிருக்கோமா? இல்லைன்னா டேட்டா கிளாஸ் கொடுத்துதா? அதுவும் இல்லைன்னா சிஸ்டம் டீஃபால்ட். அப்புறம் எத்தனை துண்டு ஆகியிருக்குன்னு பாருங்க. டி37னா செகண்டரியே கேட்கலைன்னு அர்த்தம். பி37னா துண்டு தீர்ந்துடுச்சு, இல்லை வால்யூம்லயே இடம் இல்லை.

அன்னிக்கு ராத்திரி நான் சேர்த்தது ஒரே ஒரு வரி. அஞ்சு வருஷம் முன்னாடி எழுதியிருக்க வேண்டிய வரி. டீஃபால்ட்னு தனியா ஒண்ணும் இல்லை மக்களே. நம்ம டேட்டாவைப் பார்க்காத யாரோ ஒருத்தர், என்னிக்கோ போட்ட கணக்கு அது. அவர் மேல தப்பில்லை. நாமதான் கேட்கலை.

பி.கு: விடிகாலை நாலு மணிக்கு ஜாப் முடிஞ்சுது. ஆபரேட்டர் மறுபடி போன் பண்ணி "சார், தூங்கிட்டீங்களா?"ன்னு கேட்டார். நல்ல மனுஷன்.