மரத்தைப் பிரிக்கும் இரண்டு வழிகள்

“முத்தாபுதுப்பேட்டையிலிருந்து ஆவடிக்கு” என்று எழுதினால் தமிழறிந்தவருக்கு ஊரும் உருபும் தானாகப் பிரிந்துவிடும். கணினிக்கு அதைப் பிரிக்கக் கற்றுத்தர இரண்டு வழிகளை இங்கே ஒப்பிடுகிறேன். ஒன்று, ஃபைனைட் ஸ்டேட் டிரான்ஸ்டியூசர் எனப்படும் நிலைமாற்றிப் பொறி. க. சர்வேஸ்வரன், கிஹான் டயஸ், மிரியம் பட் மூவரும் 2021இல் ஆய்வுக் கட்டுரையாக முன்வைத்த தமிழிமார்ஃப் என்ற சொற்பகுப்பான், ஃபோமா என்ற கருவியைக் கொண்டு இவ்வழியில் கட்டப்பட்டது. மற்றது, லிஸ்ப் என்ற நிரல்மொழியில் சிறு ஃபங்ஷன்களைக் கோத்துப் பார்சர், அதாவது பகுக்கும் நிரல், எழுதுவது.

லிஸ்பில் ஃபங்ஷனும் ஒரு மதிப்புதான். ஒரு ஃபங்ஷனை இன்னொன்றுக்குக் கொடுக்கலாம், விடையாகவும் பெறலாம். ஒவ்வொரு சிறு பார்சரும் எழுத்து வரிசையை வாங்கி, தான் கண்டதையும் மீதியையும் திருப்பித் தரும். ‘அடுத்து’, ‘அல்லது’, ‘பல’ என்ற மூன்று கோக்கும் ஃபங்ஷன்கள் இருந்தால் போதும், இரண்டு பார்சர்கள் சேர்ந்து மூன்றாவது பிறந்துவிடும். எஸ்பிசிஎல் போன்ற லிஸ்ப்களில் இப்பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். இலக்கண நூலும் நிரலும் ஒரே சொற்களில் பேசுவது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

தொடக்கச் சிக்கல் இரண்டு வழிக்கும் பொது. ‘பேட்டை’ நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஆறு குறியெண். அதைவிடத் தொல்லை, ‘பேட்டையில்’ என்பதில் உடம்படுமெய்யும் உருபின் இகரமும் ‘யி’ என்ற ஒரே எழுத்துக்குள் கலந்துவிடுகின்றன. வெட்ட வேண்டிய இடம் எழுத்தின் நடுவில் இருக்கிறது. ஆகவே உயிர்மெய்யை முதலில் மெய்யாகவும் உயிராகவும் உடைத்தாக வேண்டும்.

வழிகள் பிரிவது ‘மரத்தை’ என்ற சொல்லில். அதில் ‘மரம்’ முழுதாக இல்லை; பின்னால் வந்த ஐ உருபு முன்னிருந்த மகரத்தை மாற்றிவிட்டது. நிலைமாற்றிப் பொறிக்கு இது இயல்பான வேலை. அகராதியில் ‘மரம்’ இருக்கும். உருபுக்கு முன் மகர ஈறு கெட்டு அத்துச் சாரியை வரும் என்ற விதியை ஒருமுறை எழுதினால் படம், குளம், பணம் எல்லாவற்றுக்கும் பொருந்தும். அதே பொறியைத் திருப்பி ஓட்டினால் ‘மரம்’, ஐ இரண்டையும் சேர்த்து ‘மரத்தை’யை உருவாக்கியும் தரும். சாதாரண பார்சர் ஃபங்ஷனுக்கு இந்தத் திரும்பும் ஆற்றல் கிடையாது. ஆனாலும் பிரிக்க மட்டும் லிஸ்பில் ‘மகர-ஈறு’ என்றொரு ஃபங்ஷன் எழுதலாம்: ‘மர’ என்ற பகுதியைக் கொடுத்தால், ‘ம்’ அல்லது ‘த்த் அடுத்து உருபு’ என ஏற்கும் பார்சரைச் செய்து தரும். சொல் அளவில் நான் நிலைமாற்றிப் பொறியின் பக்கம்தான்.

ஒரே சொல் இரண்டு விதமாகப் பிரிவதும் உண்டு. ‘பலகை’ மரப்பலகையா, பல கைகளா? ‘அல்லது’ முதலில் பொருந்தியதோடு நின்றுவிட்டால் மற்றப் பொருள் தொலைந்துபோகும். பொருந்திய எல்லாவற்றையும் பட்டியலாகத் தரும் முறையை ஃபிலிப் வாட்லர் 1985இல் விளக்கினார். பட்டியலே உயிர்நாடியான லிஸ்புக்கு அது எளிது. நிலைமாற்றிப் பொறியும் எல்லா விடைகளையும் தரும்.

தொடருக்குப் போனால் நிலைமை மாறுகிறது. ‘அத்தை வீட்டுத் தோட்டத்து மரத்துக் கிளை’ என்பதில் ஒவ்வொரு பெயரும் தனக்கு முன் வந்த முழுத்தொகுதியையும் அடையாக ஏற்கிறது. “பெயர்த்தொடர் என்பது பெயர்த்தொடர் அடுத்து பெயர்” என்று அப்படியே ஃபங்ஷனாக எழுதினால் அது ஓர் எழுத்தைக்கூடப் படிக்காமல் தன்னையே அழைத்து முடிவின்றிச் சுழலும். அடைகள் முன்னே நிற்கும் தமிழுக்கு இக்கோளாறு அடிக்கடி வரும். ‘பல’ கொண்டு பெயர்களை வரிசையாகத் திரட்டி, பிறகு இடமிருந்து மடித்துக் கட்டுவதே மருந்து. எச்சத் தொடருக்குள் எச்சத் தொடர் என எவ்வளவு ஆழம் போனாலும் ஃபங்ஷன்கள் ஈடுகொடுக்கும்; எண்ணிக்கைக்குட்பட்ட நிலைகளே உள்ள பொறியால் அது முடியாது.

இரண்டையும் இணைக்கத் தடையில்லை. கோக்கும் ஃபங்ஷன்கள் தமக்கு வருவது எழுத்தா சொல்லா என்று பார்ப்பதில்லை. தமிழிமார்ஃப் போன்ற பகுப்பான் தரும் சொற்பகுப்புகளை லிஸ்ப் பட்டியலாக்கிக் கொடுத்தால், எழுத்துகளைக் கோத்த அதே ‘அடுத்து’, ‘அல்லது’, ‘பல’ ஒரு வரிகூட மாறாமல் தொடர்களைக் கோக்கும்.